வயது பதினைந்து, தமிழ் பன்னிரண்டு

(காப்பாரில் பெற்றோர், ஆசிரியர், நூலகத் தொண்டர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இந்த அறையின் பின்சுவரோரம் நிற்கும் தமிழ் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இடப்பக்கத்தில் தெனாலிராமன், பஞ்சதந்திரம், பெரிய எழுத்தில் அச்சிட்ட படக்கதைகள். வலப்பக்கத்தில் கல்கி, அகிலன், ஜெயகாந்தன், நம்முடைய ரெ. கார்த்திகேசு. இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டு காலியாக இருக்கிறது. அந்தக் காலித் தட்டைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

சில மாதங்களுக்கு முன் படிவம் மூன்றில் படிக்கும் ஒரு பையன் இங்கே வந்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவன். முதலில் இடப்பக்கம் போனான். ஒரு புத்தகத்தை எடுத்தான். அட்டையில் குட்டி யானை. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். பிறகு வலப்பக்கம் வந்தான். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. 2022-இல் வந்த படத்தைக் கிள்ளானில் குடும்பத்தோடு பார்த்திருக்கிறான். நின்றபடியே அரைப் பக்கம் வாசித்தான். உதடு அசைந்தது, விரல் வரியைத் தொட்டுக்கொண்டே போனது. ஐந்தாறு வரிக்குப் பிறகு விரல் நின்றுவிட்டது. புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துச் சொன்னான்: "டீச்சர், தமிழ் வரும். ஆனா இந்தத் தமிழ் வரல."

முப்பது ஆண்டுக்கு மேல் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். நம் பிள்ளைகளின் நிலையை இதைவிடச் சரியாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அவன் வயது பதினைந்து. அவன் மனம், கேள்வி, கோபம், வெட்கம் எல்லாம் பதினைந்து. அவனுடைய தமிழ் மட்டும் பன்னிரண்டு வயதில், ஆறாம் ஆண்டு முடிந்த நாளில், நின்றுபோயிருக்கிறது. பன்னிரண்டு வயதுத் தமிழுக்கு ஏற்ற புத்தகத்தைக் கொடுத்தால் பதினைந்து வயது மனம் அவமானப்படுகிறது. பதினைந்து வயது மனத்துக்கு ஏற்றதைக் கொடுத்தால் பன்னிரண்டு வயதுத் தமிழ் மூச்சு வாங்குகிறது. இளையோருக்கு நாவல் பரிந்துரைப்பது நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அவை ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. அதற்குப் பிறகு இடைநிலைப் பள்ளி, மலாய்மொழி வழி. தமிழ் அங்கே ஒரு பாடம். அதுவும் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால், ஆசிரியர் கிடைத்தால். பல பள்ளிகளில் அந்த வகுப்பு பாட நேரம் முடிந்து, வெயில் ஏறிய பிறகு நடக்கும். சோர்ந்துபோன பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை நாம்தான் வாசகனாக ஆக்காமல் விட்டுவிட்டோம்.

'இளையோர் நாவல்' என்று ஆங்கிலப் பதிப்புலகம் தனி வகை வைத்திருக்கிறது. கடைக்குள் நுழைந்தால் அதற்கென்று ஒரு சுவரே இருக்கும். அந்த வகைக்கு அடையாளமாகச் சொல்லப்படும் நாவல், எஸ். இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்'. அமெரிக்காவின் டல்சா நகரத்துப் பெண். எழுதத் தொடங்கும்போது வயது பதினைந்து. 1967-இல் புத்தகம் வந்தபோது பதினெட்டு. தன் பள்ளியில் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து அடித்துக்கொண்ட பையன்களைப் பற்றி, தன் வயதுக்காரர்களுக்கு உண்மையான கதை ஒன்றுமே இல்லையே என்ற ஆற்றாமையில் எழுதினாள். அந்த நாவலில், கொலை நடந்த பிறகு இரண்டு பையன்கள் ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறார்கள். பொழுது போக்க அவர்கள் கையில் இருப்பது ஒரு தடித்த நாவல். ஒருவன் உரக்க வாசிக்கிறான், மற்றவன் கேட்கிறான். கும்பல் சேர்ந்து திரிந்து, பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஒரு மாணவனிடம் இந்த நாவலைக் கொடுத்தேன். அவன் ஆங்கிலத்திலும் தடுமாறியே படிப்பான். மூன்று வாரம் வைத்திருந்தான். திருப்பிக் கொடுக்கும்போது கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இத எழுதனது பொண்ணா?" என்று மட்டும் கேட்டான். பிறகு அடுத்த புத்தகம் கேட்டான். நம் தாமான் குடியிருப்புகளில் எந்தப் பையன் எந்தக் கூட்டத்தில் சேர்கிறான் என்று நமக்குத் தெரியும். அவனிடம் நாம் பேசாததை ஒரு நாவல் பேச முடிகிறது என்பதை அன்று பார்த்தேன்.

தமிழில் அப்படி ஒரு சுவர் இல்லை. ஒன்று சிறுவர் இலக்கியம், இல்லையென்றால் நாவல். அப்படியானால் பரிந்துரைக்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. பதிப்பகம் பிரித்துத் தராததை நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பிரித்து எடுக்க வேண்டும். இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரப் பொது நூலகத்தில் மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற அம்மையார் 1930-களில் இளையோர் பகுதியைத் தொடங்கியபோது, அவர் கையிலும் 'இளையோர் நாவல்' என்ற முத்திரை குத்திய புத்தகங்கள் குவிந்திருக்கவில்லை. பெரியவர்களின் அலமாரியிலிருந்து இளையவருக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்தார். தம்மிடம் பயிற்சிக்கு வருபவர்கள் நூற்றுக்கணக்கான நூல்களைப் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் தம்மிடம் பேசிக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். படிக்காத புத்தகத்தை ஒரு பிள்ளையிடம் நீட்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். நூலகத்துக்கு வராத ஏழைத் தெருக்களுக்குக் குதிரை வண்டியில் புத்தகம் கொண்டு போனார். இன்றும் அவர் நினைவாக 'அலெக்ஸ் விருது' என்று ஒன்று கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, 12 முதல் 18 வயதினரையும் ஈர்க்கக்கூடிய பத்து நூல்களுக்கு ஆண்டுதோறும் அது போகிறது.

குதிரை வண்டி என்றதும் எனக்கு மாட்டு வண்டி நினைவுக்கு வருகிறது. 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் ஓடியது. அந்த முயற்சிக்குத் துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அதே 1931-இல்தான் அவருடைய ஐந்து நூலக விதிகள் புத்தகமாக வந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பது அவற்றுள் இரண்டு. உலகம் முழுவதும் நூலகத் துறையில் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் முன்னோர் இந்தக் கரைக்கு எந்த ஊர்களிலிருந்து கப்பலேறினார்களோ, அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்ட சிந்தனை இது.

இனி, அந்தக் காலித் தட்டில் எதை வைப்பது?

பதினைந்து வயதுப் பிள்ளை யாராவது என்னிடம் வந்தால் பெரும்பாலும் நான் முதலில் எடுப்பது இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா'. 1990-களில் வந்தது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். குறுநாவல் என்று சொல்வதற்குக்கூடச் சற்றுச் சிறியது. ஒரு அறிவியல் ஆசிரியை தான் எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதுவதுபோல அமைந்த கதை. அவளுடைய வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு பெண். கேள்வி கேட்பதற்காகவே அடி வாங்குகிறாள். அடி வலிக்காமல் இருக்க வழி உண்டா என்று அறிவியலிலேயே தேடி, தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி, இறந்து போகிறாள். இதைச் சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். முடிவு தெரிந்தும் நான் ஒவ்வொரு முறையும் இதை வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றிருக்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு ஆசிரியை.

'ஆயிஷா'வை முதலில் வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. மெல்லிய புத்தகம் என்பதால் பிள்ளை பயப்படாது. நம் பள்ளிகளில் 1990-களின் இறுதியிலிருந்து 'நிலாம்' என்ற வாசிப்புத் திட்டம் இருக்கிறது. படித்த புத்தகங்களைப் பிள்ளைகள் பதிவு செய்ய வேண்டும். எண்ணிக்கை ஏறட்டும் என்று மெல்லிய புத்தகமாகத் தேடிக்கொண்டு வருவார்கள். அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். மெல்லிய புத்தகம் கேட்டு வந்த பிள்ளைக்கு மெல்லியதாகவே, ஆனால் பெரிய கதையாகக் கொடுத்துவிட்டால் போதும். இன்னொரு காரணம், அந்த நடை. பாடப்புத்தகத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிறது, வாக்கியங்கள் சிறியவை. தமிழ் பன்னிரண்டில் நின்றவன்கூடத் தடுக்கி விழாமல் போய்விடுவான். ஆனால் விஷயம் பதினைந்து வயதுக்குரியது, ஐம்பது வயதுக்கும் உரியது. எனக்கு வேண்டியது இப்படிப்பட்ட புத்தகங்கள்தான்: வாக்கியம் எளிதாகவும் விஷயம் கனமாகவும் இருப்பவை.

அந்த வகையில் இப்போது தமிழ்நாட்டில் நல்ல வேலை நடக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மை என்று விளையாட்டாகத் தொடங்கி, தவறாகத் தொடும் பெரியவரைப் பற்றி ஒரு சிறுமி வாய் திறந்து சொல்வதுவரை போகிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதப்பட்டது, 2023-இல் அதே விருது. நம் நாட்டில் ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகன் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' போன்ற மர்ம நாவல்களைப் பிள்ளைகளுக்கென்றே எழுதியிருக்கிறார். படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளை கையில் அதைக் கொடுங்கள்; மர்மக் கதை அந்த இடைவெளியைத் தாண்ட வைக்கும். ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர் இதழில் தொடராக வந்தது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. அறிவியலில் ஆர்வமுள்ள பையன்கள் அதை விட மாட்டார்கள்.

'மரப்பாச்சி'யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை ஒரு மாணவிக்குக் கொடுத்தபோது அவளுடைய தந்தை வந்து வருத்தத்தோடு கேட்டார்: "டீச்சர், இந்த மாதிரி விஷயத்த எல்லாம் இந்த வயசுல ஏன் படிக்கணும்?" நான் அவரை உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். "அண்ணே, நீங்க ஒருமுறை வாசிச்சிட்டு வாங்க. அப்புறமும் வேண்டாம்னு சொன்னா நான் ஒத்துக்குறேன்" என்றேன். பத்து நாள் கழித்தும் அவர் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. தம் தங்கை மகளுக்கும் ஒரு பிரதி கேட்டு வந்தார். எல்லாப் பெற்றோரும் அப்படி வருவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றோரின் அச்சத்தை அலட்சியப்படுத்தியும் பேசக் கூடாது. அந்த அச்சம் பாசத்திலிருந்து வருவது. அதற்குப் பதில் வாதமல்ல, புத்தகம்தான்.

அடுத்து, சற்றுக் கனமான நாவல்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்தது பெருமாள்முருகனின் 'கூள மாதாரி', 2000-இல் வந்தது. கொங்கு நாட்டில், பண்ணையத்துக்கு ஆடு மேய்க்க விடப்பட்ட தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவன் கூளையன். அவனும் அவனைப்போன்ற பிள்ளைகளும் மேய்ச்சல் காட்டில் ஆடுவதும், பனங்காய் தின்பதும், அடி வாங்குவதும், பண்ணையக்காரர் மகனோடு நட்பாக இருக்க முடிந்தும் முடியாமலும் தவிப்பதும்தான் கதை. பதின்ம வயதை இவ்வளவு கிட்ட நின்று எழுதிய தமிழ் நாவல்கள் குறைவு. பேச்சுவழக்கு நம் பிள்ளைகளைத் தடுக்கும், உண்மை. அதற்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு: "வீட்டுல பாட்டி இருந்தா, அவங்களுக்கு வாசிச்சுக் காட்டு." சேலம், நாமக்கல் பக்கத்து வேர் உள்ள குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். பேத்தி திக்கித் திக்கி வாசிக்க, பாட்டி சொல்லைத் திருத்தி, பொருளும் சொல்லி, தன் கதையையும் சொல்லத் தொடங்கிய வீடுகளை நான் அறிவேன்.

மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. சந்திரன், வேலய்யன் என்று இரண்டு பள்ளித் தோழர்கள். அறிவும் அழகும் உள்ளவன் தடம் மாறிப் போகிறான், சாதாரணமானவன் நிலைத்து நிற்கிறான். மு.வ. நடுநடுவே அறிவுரை சொல்வார். இன்றைய பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். ஆனால் அவருடைய தெளிந்த குறுவாக்கியங்கள், நின்றுபோன தமிழை மீண்டும் நடக்க வைக்கும். 'பொன்னியின் செல்வனை' மூடிக் கொடுத்த அந்தப் பையனுக்கும் கல்கிக்கு முன்னால் மு.வ.வைத்தான் கொடுத்தேன்.

நம் மண்ணின் நாவல்களுக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

மலேசியத் தமிழ் நாவல் 1917-இல் தொடங்குகிறது என்பார்கள்; வெங்கடரத்தினம் எழுதிய 'கருணாகரன் அல்லது காதலின் மாட்சி'. நூறாண்டைத் தாண்டிய மரபு நமக்கு இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. 2011-இல் 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வந்தபோது நாடே பேசியது நினைவிருக்கும். தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் 1971-இல் எழுதியது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றைப் பற்றியது. இந்தியரைச் சித்திரித்த விதமும் ஒரு சொல்லும் நம் மக்களைப் புண்படுத்தின; அந்த ஆண்டு இறுதியில் பாடநூல் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை: "சரி டீச்சர், நம்மளப் பத்தி நாம எழுதின கதை எது?" அன்று நான் இரண்டு பேரைச் சொன்னேன், புத்தகம் கையில் கொடுக்க முடியவில்லை. ஒரு ஆசிரியையாக நான் வெட்கப்பட்ட நாள் அது.

இன்று கொடுக்க முடியும். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆங்கிலப் படங்களில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் துயரம் தெரியும். அங்கே செத்த நம் தாத்தாக்களின் துயரம் தமிழ் நாவலில்தான் இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலும் அதே களம். அவருடைய 'லங்காட் நதிக்கரை'யும் வேண்டும்: போர் முடிந்த காலம், கம்யூனிஸ்டுகள், அவசரகாலம் என்று சிலாங்கூர் மண்ணில் நடப்பது. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' 1980-களில் பகாங்கில் கொத்தடிமைகளாக அடைக்கப்பட்ட தொழிலாளர்களின் கதை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதிய அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'யையும் இவற்றோடு சேர்த்து வைக்கலாம். ஆனால் முதலில் நம்மவர் எழுதியதைக் கொடுங்கள். லயத்து வீடு, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை என்ற சொற்களை உள்ளிருந்து எழுதியதற்கும் வெளியிலிருந்து பார்த்து எழுதியதற்கும் வேறுபாடு உண்டு.

இவற்றைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்படியே தூக்கிக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு எழுதியவை, தொடக்கம் மெதுவாக இருக்கும். நான் செய்வது இது: நாவலின் நடுவில் ஒரு காட்சியைத் தேர்ந்து, ரயில் பெட்டிக்குள் ஆட்களை அடைக்கும் இடமோ, காட்டில் காய்ச்சல் வரும் இடமோ, பத்து நிமிடம் உரக்க வாசிப்பேன். நெருக்கடி உச்சத்தில் நிறுத்திவிடுவேன். கேட்ட பத்துப் பேரில் இரண்டு பேர் புத்தகத்தைக் கேட்பார்கள். அந்த இரண்டு பேர் போதும்.

ஆனால் இந்தக் காப்பார் மண்ணின் கதையை இன்னும் யாரும் இளையோருக்கு எழுதித் தரவில்லை என்ற ஏக்கம் எனக்கு உண்டு. 1941-இல் மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைமை தாங்கியவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். கூலி உயர்வு மட்டுமல்ல கோரிக்கை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையின் முன்னாலும் கிராணியின் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு பதினாறு வயதுப் பையன், புதிதாக வாங்கிய சைக்கிள், எதிரே குதிரையில் வரும் துரை. நாவல் தொடங்க இதைவிட என்ன வேண்டும்? இன்று பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கும் இதே சாலைகளில்தான் அந்த வேலைநிறுத்தம் நடந்தது. இங்கே எழுதும் இளைஞர்கள் யாராவது இருந்தால், இந்தக் கதையை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

தமிழே படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசியப் பள்ளியில் படித்தவர்கள். நூலகத்துக்குள் வந்தால் தமிழ் அலமாரிப் பக்கம் திரும்பாமல் போவார்கள்; வெறுப்பினால் அல்ல, கூச்சத்தினால். அவர்களிடம் "தமிழன்தானே, தமிழ் தெரியாதா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு அந்தப் பிள்ளை நூலகத்தையும் விட்டுவிடும். ஆங்கிலத்திலோ மலாயிலோ படிக்கட்டும். ஹன்னா அல்காஃப் என்ற மலேசிய எழுத்தாளரின் 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' 2019-இல் வந்தது. 1969 மே 13 கலவரத்தில் கோலாலம்பூரில் தாயைப் பிரிந்த மெலாத்தி என்ற பதினாறு வயது மலாய்ப் பெண்ணின் கதை. திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருக்க வைக்கும் மனநோயோடு அவள் போராடுகிறாள். அது தன்னைப் பிடித்த ஜின் என்று நம்புகிறாள். நம் தலைநகரில், நாம் வீட்டில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசும் ஒரு நாளைப் பற்றி, இளையோருக்கென்றே எழுதிய நாவல். நம் நாட்டின் எல்லா இனப் பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அதைப் படித்து முடித்த, தமிழும் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு நான் அடுத்துக் கொடுப்பது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977-இல் வந்த நாவல். 1948-ஐ ஒட்டிய செகந்திராபாத். சந்திரசேகரன் என்ற மாணவன். கிரிக்கெட், வீட்டு மாடு, கல்லூரி என்று போய்க்கொண்டிருக்கும் வாழ்வுக்குள் கலவரம் மெல்ல நுழைகிறது. இறுதிப் பக்கங்கள் தாங்க முடியாதவை. படிவம் ஐந்துக்குக் கீழே இதைக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால், படித்து முடித்த அன்று அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குவேன். கொடுத்துவிட்டு நாம் காணாமல் போய்விடக் கூடாத புத்தகங்களும் உண்டு.

பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. "இது நல்ல புத்தகம், படி" என்று சொன்னால் படிக்க மாட்டார்கள். நல்லது என்று நாம் சொன்ன எத்தனையோ விஷயங்களில் அவர்கள் சலித்திருக்கிறார்கள். நான் கேட்பது: "கடைசியா எந்தப் படத்தப் பாத்து ராத்திரி தூக்கம் வரல?" பேய்ப்படம் என்றால் ஒரு புத்தகம், விளையாட்டு வீரர் கதை என்றால் வேறு புத்தகம், "அழுக வர்ற மாதிரி" என்று மெதுவாகச் சொல்லும் பெண்ணுக்கு 'ஆயிஷா'. ஒருபோதும் ஒன்றை மட்டும் நீட்டுவதில்லை. மூன்றை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். தேர்வு அவர்களுடையதாக இருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் முப்பதாம் பக்கத்தில் மூடிவிடலாம் என்றும் சொல்லியே கொடுப்பேன். படித்து முடித்த பிறகு "என்ன நீதி கிடைத்தது?" என்று கேட்க மாட்டேன். "யாரப் பிடிச்சது? யார் மேல கோபம்?" என்று கேட்பேன். அதற்குப் பதில் அரை மணி நேரம் வரும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நடந்திருக்கிறது. 1950-களில் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு நாளிதழில் மாணவர் மணிமன்றம் என்று பக்கம் ஒதுக்கினார். மலாயா முழுவதும் தோட்டத்துப் பிள்ளைகள் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டார்கள். தங்கள் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பின்னாளில் நம் எழுத்தாளர்களில் பலர். அதற்குச் சற்று முன்பு, 1950-இல், தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். மின்சாரம் எட்டாத லயங்களில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை அது. அவர்களைத் தேடிப் போய் ஒரு பக்கத்தைக் கொடுத்தார்கள்; அவர்கள் வாசகர் ஆனார்கள்.

நமக்கு வேண்டியது ஒரு தட்டு. படிவம் மூன்றில் படிக்கும் அந்தப் பையன் 'அகல் விளக்கை' முடிக்கவில்லை என்பதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டான். 'பனிமனிதனை' முடித்தான். இப்போது 'ஆயிஷா' அவன் வீட்டில் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் வீட்டு அலமாரியில், பெட்டியில், மேல்தட்டில் இந்த நாவல்களில் ஏதேனும் இருந்தால் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே கொண்டு வாருங்கள். நீங்கள் படித்த புத்தகமாக இருக்கட்டும். உங்களுக்கு அது ஏன் பிடித்தது என்று இரண்டு வரி ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வரும்போது படிவம் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் ஒரு பிள்ளையையும் கூட்டி வாருங்கள். தமிழ் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. நான் ஒன்பதரைக்கே வந்து கதவைத் திறந்து வைத்திருப்பேன்.